வாசலுக்கு வரும் சினை ஊசி: குச்சி நன்று, குறிப்புதான் இல்லை

கடலூர் மாவட்டத்திலோ புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் பக்கத்திலோ மாடு பருவத்துக்கு வந்தால் சினை ஊசிக்கு, அதாவது செயற்கைக் கருவூட்டலுக்கு, மூன்று வழி உண்டு. கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகலாம். பால் சங்கத்தின் வழியாக வரும் கருவூட்டல் பணியாளரை அழைக்கலாம். தனியாகத் தொழில் செய்யும் பயிற்சி பெற்றவருக்குப் போன் போட்டால் உறைவிந்துக் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார். மூன்றுக்கும் கட்டணம் வேறு, நேரம் வேறு. ஆனால் கைக்கு வருவது ஒரே பொருள்: கால் மில்லி உறைவிந்து அடைத்த ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதனால் மூன்றையும் ஒரே சேவையாக எடுத்துக்கொண்டு எடை போடுவதே சரி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குச்சியின் தரத்துக்கு நல்ல மதிப்பெண். அதைக் கையாளும் விதம் வருகிற ஆளைப் பொறுத்தது; நல்லதும் உண்டு, கண்றாவியும் உண்டு. எந்தக் காளையின் விந்து, அந்தக் காளையின் பெண் கன்றுகள் எவ்வளவு கறந்தன என்ற தகவலுக்குப் பூஜ்யத்துக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. மாட்டின் பரம்பரையை உயர்த்துவது இந்த மூன்றாவது விஷயம்தான் என்பதால் விமர்சனம் அதைச் சுற்றியே நீள்கிறது.

முதலில் குச்சி. 0.25 மில்லி, சாதாரண வகையில் சுமார் 2 கோடி உயிரணுக்கள், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முழுகிக் கிடக்கும். மேலே விந்து நிலையத்தின் குறியீடு, காளை எண், இனம், எடுத்த தொகுதி எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். நிலையங்களை மத்தியக் கண்காணிப்புக் குழு பார்வையிட்டு ஏ, பி என்று தரம் பிரிக்கிறது. காளைகளுக்குக் காசநோய், புருசெல்லோசிஸ், ஐ.பி.ஆர். போன்ற நோய்களுக்கான சோதனையும், பிளாட், சிட்ருலினீமியா போன்ற பரம்பரைக் குறைகளுக்கான சோதனையும் நடக்கின்றன. பொலி காளையை வீடு வீடாக ஓட்டி வந்த காலத்தில் பரவிய கருச்சிதைவு நோய்கள் இந்த வழியில் வராது. இந்த ஒன்றுக்காகவே ஊசியைப் பரிந்துரைக்கலாம்.

அடுத்தது கை. இங்கேதான் பணம் போகிறது. மாடு வைத்திருப்பவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை இவை.

கேன் மூடியைத் திறந்ததும் வெண்புகை எழ வேண்டும். எழாவிட்டால் நைட்ரஜன் தீர்ந்துவிட்டது அல்லது தீரும் நிலையில் இருக்கிறது. கேனின் கழுத்தில் வெளிப்பக்கம் பனி பூத்திருந்தால் சுவரின் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கேனிலிருந்து குச்சி வாங்கக் கூடாது. ஒருமுறை சூடேறி மறுபடி நைட்ரஜனில் விழுந்த குச்சிக்கும் நல்ல குச்சிக்கும் வெளித்தோற்றத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது. இந்தச் சேவையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். வாங்குபவர் கண்ணால் சோதிக்க முடியாத சரக்கு.

குச்சி எடுக்கும்போது உள்ளிருக்கும் குவளையைக் கேன் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. கழுத்துக்குள்ளேயே வைத்து இடுக்கியால் எடுக்க வேண்டும். பத்து விநாடிக்குள் கிடைக்கவில்லையென்றால் குவளையைத் திரும்ப முக்கிவிட்டு மறுபடி தேட வேண்டும். எண்ணைப் படிக்கிறேன் என்று ஐந்தாறு குச்சிகளை வெயிலில் உயர்த்திப் பிடித்தால் போடப்போகும் ஒன்று தப்பிக்கலாம், மீதி நாலைந்து அடுத்தடுத்த வீடுகளில் தோற்கும்.

எடுத்த குச்சி 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி இருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்து உருட்டுவதும், சட்டைப்பையில் போட்டுக்கொள்வதும், 'அதுவா உருகிடும்' என்று காற்றில் பிடிப்பதும் தவறு. மெதுவாக உருகினால் இடையில் பனிப் படிகங்கள் மறுபடி வளர்ந்து உயிரணுவின் சவ்வைக் கிழிக்கும். ஒரு சின்னத் தெர்மாமீட்டரும் ஒரு பிளாஸ்க்கும் இல்லாமல் வருகிறவரைச் சந்தேகப்படலாம். அடுப்படியிலிருந்து சொம்பில் வாங்கும் நீர் 37ஆ 50ஆ என்று விரலுக்குத் தெரியாது.

உருகியதும் குச்சியைப் பஞ்சாலோ காகிதத்தாலோ நன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு துளித் தண்ணீர் விந்தில் கலந்தாலும் உயிரணு ஊதி வெடித்துவிடும். பிறகு பஞ்சடைத்த முனை ஏ.ஐ. கன் என்ற விந்து செலுத்தும் குழலுக்குள் போகும்; எதிர் முனையை நேராக, சாய்வில்லாமல் வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் கன்னின் மேல் மாட்டும் உறையின் வாயில் சரியாகப் பொருந்தாமல் விந்து பின்பக்கம் கசியும். உருகிய பின் 15 நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் மாட்டைக் கட்டி, சாணத்தை எடுத்து, பின்புறத்தைக் கழுவித் துடைத்த பிறகுதான் குச்சியை எடுக்க வேண்டும். பல வீடுகளில் குச்சியை உருக்கிய பிறகுதான் மாட்டை மரத்தடிக்கு ஓட்டி வருகிறார்கள்.

குளிர் நாட்டுப் பாடநூல்கள் கன் குளிர்ந்திருக்கக் கூடாது என்று எச்சரிக்கும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் சித்திரை வெயிலில் கவலை நேர் எதிரானது. வண்டிப் பெட்டியில் கிடந்த இரும்புக் கன் கையைச் சுடும். அதில் குச்சியைச் செருகினால் உயிரணு அங்கேயே வெந்துவிடும். கன்னை நிழலில் வைத்து ஆறவிடச் சொல்லுங்கள்.

விந்து விழ வேண்டிய இடம் கருப்பை வாயின் வளையங்களைத் தாண்டி, கருப்பை உடல் தொடங்கும் இடம். ஆசனவாய் வழியாகக் கையை விட்டுக் கருப்பை வாயைப் பிடித்து, கன்னின் மேல் அதை மெல்ல ஏற்றுவார்கள். அவசரக்காரர்கள் முதல் வளையத்திலேயே தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். உந்துவதும் மெதுவாக, ஐந்து விநாடியாவது எடுத்து நடக்க வேண்டும்.

நேரம் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விதி சரிதான்: காலையில் பருவம் கண்டால் மாலை ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலை. பருவம் 12 முதல் 18 மணி நேரம். அது முடிந்து 10, 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். கண்ணாடி போன்ற வழும்பு கயிறாகத் தொங்குவது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, கத்துவது, கறவை திடீரென்று குறைவது எல்லாம் துணை அடையாளங்கள். இன்னொரு மாடு மேலே ஏறும்போது நகராமல் நிற்பதே உறுதியான அடையாளம். தனி மாடாகக் கட்டி வைத்திருக்கும் வீட்டில் இது தெரியாது. அப்படியானால் வழும்பைப் பார்த்தே நேரம் குறிக்க வேண்டும். வழும்பில் ரத்தம் கண்டு ஊசிக்குக் கூப்பிடுவது காலம் கடந்த வேலை. பருவம் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று நாளில் அது வரும். அன்று ஊசி போட்டுக் காசு வாங்குபவர் தெரிந்தே போடுகிறார். தேதியைக் குறித்துக்கொண்டு 17, 18 நாள் கழித்துக் கண்காணிப்பதே அதற்கு மருந்து.

இதெல்லாம் கவனமாக நடந்தாலும் நம் ஊர் நிலைமையில் 100 ஊசிக்கு 35, 40 பிடித்தாலே பரவாயில்லை ரகம். சித்திரை, வைகாசியில் இன்னும் இறங்கும். கடலோரத்தில் வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்வதால் மாட்டின் உடல் இரவிலும் ஆறுவதில்லை. அந்த மாதத் தோல்வியைக் குச்சியின் மேல் போடுவது அநியாயம்.

காளை யார்?

ஊசி போட்டு முடிந்ததும் காலிக் குச்சி எங்கே போகிறது? பெரும்பாலும் வேலியோரம். மாட்டுக்காரருக்குக் கிடைத்த ஒரே ஆவணம் அந்த வெற்றுக் குச்சிதான். "அண்ணே, குச்சியைத் தூக்கிப் போடாதீங்க, நம்பர் எழுதிக்கிறேன்" என்று கேட்டால் கொடுக்கத்தான் செய்கிறார்கள், கேட்பதற்குத்தான் ஆளில்லை. எண் ஏன் வேண்டும்? அந்தக் கன்று இரண்டு, இரண்டரை வயதில் பருவத்துக்கு வரும்போது அதே காளையின் குச்சி விழுந்தால் அப்பனும் மகளும் சேர்ந்த கணக்கு. பிறக்கும் கன்றின் உள்ளினக் கலப்பு 25 சதவீதம். வளர்ச்சிக் குறைவு, கறவைக் குறைவு, சினை பிடிக்காமை எல்லாம் அதன் பின்னால் வரும். ஒரு வட்டாரத்துக்கு ஒரே காளையின் குச்சிகள் மொத்தமாக வந்து இறங்கும்போது இது கற்பனையான ஆபத்து அல்ல.

சரி, எண்ணைக் கேட்டாயிற்று. 'நல்ல காளையா?' என்று கேட்டால் வரும் பதில், 'அதோட அம்மா ஈத்துக்கு 6,000 லிட்டர் கறந்தது'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கறவை அளவில் மாடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்குதான் பரம்பரை வழியாகக் கடக்கும். மீதி தீவனம், பராமரிப்பு, பருவநிலை, அதிர்ஷ்டம். அந்தத் தாய் தன் பண்ணைச் சராசரியைவிட 3,000 லிட்டர் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஈத்தின் பதிவை வைத்து அதன் பரம்பரைச் சிறப்பு 750 லிட்டர் என்று மதிப்பிடலாம். மகனான காளைக்கு அதில் பாதி, 375. காளை வழியாக உங்கள் வீட்டுக் கிடேரிக்கு அதிலும் பாதி: ஈத்துக்கு 187 லிட்டர். நாளுக்கு அரை லிட்டருக்கும் சற்று மேல். மோசமில்லை, ஆனால் '6,000 லிட்டர் ரத்தம்' என்ற பேச்சு கிளப்பும் ஆசைக்கும் இதற்கும் வெகு தூரம்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தக் காளையின் பெண் கன்றுகள் வளர்ந்து, ஈன்று, கறந்து, அளக்கப்பட்டிருக்கின்றனவா? இதற்குப் பெயர் சந்ததிப் பரிசோதனை. காளை கறக்காது, அதன் மதிப்பு மகள்களின் வாளியில்தான் தெரியும். எத்தனை மகள்கள் வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பரம்பரைப் பங்கு கால் என்று எடுத்தால், மகள்களின் எண்ணிக்கையை அதே எண்ணிக்கையோடு 15 கூட்டி வகுத்தால் நம்பகத்தன்மை கிடைக்கும். 15 மகள்கள் அளக்கப்பட்டிருந்தால் 50 சதவீதம். 50 மகள்களுக்கு 77. 100 மகள்களுக்கு 87. ஐந்து மகள்களை மட்டும் வைத்துக் காளையைப் புகழ்ந்தால் 25 சதவீத நம்பிக்கைதான் வைக்கலாம். மகள்கள் வெவ்வேறு வீடுகளில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். எல்லாம் ஒரே பணக்காரப் பண்ணையில் நின்றால் அளக்கப்படுவது காளை அல்ல, அந்தப் பண்ணையின் தவிடும் புண்ணாக்கும்.

இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்துக் கேரளத்தில் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களின் வீடுகளிலேயே பாலை அளந்து சுனந்தினி என்ற கலப்பினத்தின் காளைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் வேர் 1963இல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம். டென்மார்க்கின் வேயன் என்ற ஊரில் 1895லேயே விவசாயிகள் சங்கம் அமைத்து, ஒருவரை நியமித்து, வீடு வீடாகப் பால் அளந்து எழுத வைத்தார்கள். அன்றைக்கு அவர்களிடம் கணினியும் இல்லை, நைட்ரஜனும் இல்லை.

கிடேரிக் கன்று ஊசி

பெரும்பாலும் பெண் கன்றே பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்து: இப்போது அதிகம் விலைபேசப்படுவது இதுதான். பெண் கன்று தரும் எக்ஸ் உயிரணுவில் ஆண் கன்று தரும் ஒய் உயிரணுவைவிட மரபுப்பொருள் சுமார் 4 சதவீதம் அதிகம். சாயம் ஏற்றி, லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பிரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் உதகமண்டலம் ஜெர்சிப் பண்ணையில் இதற்கான நிலையம் இருக்கிறது. உள்நாட்டிலேயே உருவாக்கிய பிரிப்புத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் அறிமுகமானது. விலையை இறக்குவதே அதன் குறி.

பொருள் சொன்னதைச் செய்கிறதா? செய்கிறது. பிறக்கும் 100 கன்றில் சுமார் 90 கிடேரி. ஆனால் குச்சியில் 2 கோடிக்குப் பதில் 20 லட்சம் முதல் 40 லட்சம் உயிரணுக்கள்தான் இருக்கும். பிரிக்கும்போது அடிபட்டு ஆயுளும் குறைந்திருக்கும். அதனால் சாதாரணக் குச்சி பிடிக்கும் அளவில் ஐந்தில் நாலு பங்குதான் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

100 ஊசிக்கு 40 பிடிக்கும் ஊரில் சாதாரணக் குச்சி 20 கிடேரி தரும். பிரித்த குச்சி 32 பிடித்து, 29 கிடேரி தரும். லாபம் 9 கிடேரி. குச்சிக்கு 200 ரூபாய் கூடுதல் என்றால் 100 குச்சிக்கு 20,000. கூடுதல் கிடேரி ஒன்றுக்கு அடக்கம் 2,200 ரூபாய் சுமார். கேட்க மலிவுதான். ஆனால் பிடிக்காமல் போன அந்த 8 மாடுகளும் குறைந்தது 21 நாள் தீனி தின்றுகொண்டு அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். அதையும் சேர்த்துக்கொண்டு பாருங்கள். மறுபக்கம், விலைபோகாத கலப்பினக் காளைக் கன்றுகள் 20இலிருந்து மூன்றாகக் குறையும். சின்ன விவசாயிக்கு இதுவே பெரிய நிம்மதி.

யாருக்கு ஏற்றது: 200, 250 கிலோ எடை வந்த, பருவம் ஒழுங்காகச் சுழலும் கிடேரி, கன்று ஈன்று சிக்கலில்லாமல் தேறிய, உடல் வற்றாத இளம் பசு. யாருக்குக் கூடாது: இரண்டு மூன்று ஊசி தவறிய மாடு, நஞ்சுக்கொடி தங்கிய மாடு, எலும்பு தெரியும் மாடு. 'மூணு தடவ பிடிக்கல, இந்தத் தடவ நல்ல ஊசி போடுங்க' என்று கேட்டு இதை வாங்குகிறார்கள். பணம் தண்டம். நேரமும் சற்றுத் தள்ளிப் போக வேண்டும்: பருவம் தொடங்கி 16 முதல் 24 மணி நேரத்துக்குள்.

இன்னொன்றை விற்பவர் சொல்லமாட்டார். இந்த ஊசி பாலைக் கூட்டாது. கிடேரிதான் பிறக்கும், நல்ல கிடேரியா என்பது காளையையும் தாயையும் பொறுத்தது. வீட்டில் மோசமாகக் கறக்கும் பசுவுக்குப் போட்டால் மோசமாகக் கறக்கும் மகள் உறுதியாகப் பிறப்பாள். இதன் சரியான பயன், நல்ல மாடுகளுக்குப் பிரித்த குச்சி, மற்றவற்றுக்குச் சாதாரணக் குச்சி என்று பிரித்துப் போடுவது. எது நல்ல மாடு என்று தெரிய வேண்டுமே, அதற்குப் பாலை அளந்திருக்க வேண்டும்.

அளப்பது எப்படி

சங்கத்துப் பாஸ்புக்கை நீட்டி 'இதோ கணக்கு' என்பவர்கள் உண்டு. அது ஊற்றிய பால். கறந்த பால் அல்ல. வீட்டுக்கு எடுத்தது, கன்று குடித்தது, இரண்டு மாட்டுப் பாலைக் கலந்தது எதுவும் அதில் தெரியாது.

தேவையான கருவி கொக்கித் தராசு ஒன்று, 20 கிலோ வரை நிறுக்கும் டிஜிட்டல் வகை. நுரையோடு லிட்டர் படியில் அளந்தால் அரை லிட்டர் வரை ஏமாற்றும், எடைதான் சரி. 1 லிட்டர் பால் 1.03 கிலோ. மாதம் ஒரு நாள், முந்தைய வேளை மடியை ஒட்டக் கறந்துவிட்டு, அடுத்த 24 மணி நேரத்தில் வரும் இரண்டு வேளைப் பாலையும் நிறுத்து எழுத வேண்டும். முந்தைய வேளை மிச்சம் வைத்தால் மறுநாள் கணக்கு வீங்கும். பதிவில் நடக்கும் திருட்டும் பெரும்பாலும் இதுதான். கன்று ஊட்டும் வீட்டில் சிக்கல் இன்னும் உண்டு. சுரக்க வைக்க மட்டும் கன்றை விட்டு உடனே இழுத்துக் கட்டி, அன்றைக்குக் கன்றுக்கான பாலையும் கறந்து நிறுத்துப் பிறகு ஊட்டிவிட வேண்டும். வாளியின் எடையைக் கழிக்க மறந்த பதிவேடுகள் ஏராளம்.

கூட்டும் முறை எளிது. மாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 10இல் ஈன்றது. ஜனவரி 20இல் 9 கிலோ, பிப்ரவரி 20இல் 12 கிலோ, மார்ச் 20இல் 11 கிலோ. முதல் 10 நாளுக்கு 9 வீதம் 90 கிலோ. அடுத்த 31 நாளுக்கு 9க்கும் 12க்கும் சராசரி 10.5 வீதம் 325.5. அதற்கடுத்த 28 நாளுக்கு 11.5 வீதம் 322. ஆக 69 நாளில் 737.5 கிலோ. இப்படியே 305 நாள் வரை கொண்டு போனால் அது ஓர் ஈத்தின் கணக்கு. தினமும் அளக்க வேண்டியதில்லை. மாதம் ஒன்று போதும், தவறாமல் இருந்தால். உச்சக் கறவை ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும். ஊரில் ஒரு மாட்டின் பெயர் நிற்பது அந்த உச்சத்தில்தான். '15 லிட்டர் மாடு' என்று விற்பார்கள், நாலாம் மாதம் ஆறில் நிற்கும். 305 நாள் கணக்கு இந்தப் பெருமையைக் கலைத்துவிடும்.

கொழுப்பையும் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. காலை, மாலை இரண்டு பாலிலும் கறந்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் எடுத்துக் கலந்து, தனி மாட்டு மாதிரியாகச் சங்கத்தின் எந்திரத்தில் போட்டுத் தரச் சொல்லலாம். மறுக்கும் செயலாளர் குறைவு. காலைப் பாலை மட்டும் கொடுத்தால் கொழுப்பு குறைவாகக் காட்டும், இடைவெளி நீளம் என்பதால்.

ஒப்பிடும்போது நியாயம் வேண்டும். முதல் ஈத்துக் கிடேரி, முதிர்ந்த மாட்டின் கறவையில் முக்கால் பங்கைக் கறந்தாலே சமம். ஐப்பசி மழையில் ஈன்ற மாட்டையும் மாசியில் ஈன்ற மாட்டையும் எதிரெதிரே நிறுத்தக் கூடாது. குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கம் கடலைக்கொடி தின்னும் மாட்டையும், காட்டுமன்னார்கோயிலில் வைக்கோலோடு நிற்கும் மாட்டையும் ஒப்பிட்டால் வெல்வது கொடி. ஒரே ஊர், ஒரே பருவம், ஒரே ஈத்து என்று கூறுபோட்டு, அந்தக் கூட்டத்தின் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்க்க வேண்டும். இரண்டு மாடு உள்ள வீட்டால் தனியாக இதைச் செய்ய முடியாது. பால் சங்கம் ஊர் அளவில் எடுத்துச் செய்தால் முடியும். இந்தச் சேவையை யாராவது விற்றால் ஊசியைவிட அதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

பதிவு நீள நீள மதிப்பு ஏறும். ஒரு மாடு கூட்டத்தைவிட ஈத்துக்கு 900 லிட்டர் மேல் என்றால், ஓர் ஈத்தின் பதிவை நம்பி மகளிடம் எதிர்பார்க்கக்கூடியது 112 லிட்டர். மூன்று ஈத்தின் சராசரியிலும் அதே 900 நின்றால் எதிர்பார்ப்பு 169ஆக உயரும். மாடு மாறவில்லை, அதைப் பற்றிய நம் அறிவுதான் கூடியிருக்கிறது.

ரத்த அளவு

குச்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் பலரும் கேட்பது 'எச்.எஃப். போடுங்க'. சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு எச்.எஃப். எனப்படும் ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்பதே தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கை. அதில் அர்த்தம் இருக்கிறது. எச்.எஃப். பாலில் அளவு கூடும், கொழுப்பு இறங்கும். சங்கம் பணம் கொடுப்பது கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளுக்கும். சின்ன ஜெர்சிக் கலப்புக் கிடேரிக்கு எச்.எஃப். குச்சி போட்டால் கன்று பெரிதாகி ஈனும்போது கயிறு கட்டி இழுக்கும் நிலை வரும்.

ஜெர்சியிலும் அளவு உண்டு. நாட்டு மாட்டுக்கு ஜெர்சி போட்டால் 50 சதவீதம். அந்த மகளுக்கு மறுபடி ஜெர்சி போட்டால் 75. அதன் மகளுக்கும் போட்டால் 87.5. அந்த உயரத்தில் கடலூர் வெயில் தாங்காது: நாக்கைத் தள்ளி மூச்சிரைப்பு, உண்ணிக் காய்ச்சல், பிடிக்காத சினை. ஐம்பதில் நிற்கும் மாட்டுக்கு 50 சதவீதக் கலப்பினக் காளையின் குச்சி. 75க்குப் போய்விட்ட மாட்டுக்கும் அதே குச்சி, மகள் 62.5க்கு இறங்குவாள். பணியாளரின் கேனில் கலப்பினக் காளைக் குச்சி இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். வந்த பிறகு கேட்டால் இருப்பதைத்தான் போடுவார்.

காது வில்லை

பன்னிரண்டு இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லையைக் கடன், காப்பீட்டுக்கான அடையாளமாகவே பலரும் பார்க்கிறார்கள். உண்மையில் இந்தச் சேவையின் பாதி உயிர் அதில் இருக்கிறது. மத்திய அரசின் பாரத் பசுதன் என்ற கால்நடைத் தரவுத்தளத்தில் ஊசி, சினைப் பரிசோதனை, ஈற்று, பால் அளவு எல்லாம் அந்த எண்ணின் கீழ்தான் ஏற வேண்டும். நடப்பில் ஊசி மட்டும் ஏறுகிறது, ஏனென்றால் பணியாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியது அதைத்தான். 60 முதல் 90 நாளுக்குள் செய்ய வேண்டிய சினைப் பரிசோதனைக்கு மறுபடி ஒருமுறை கூப்பிட வேண்டியிருக்கிறது. கூப்பிடாத வீடுகளில் வெறும் வயிற்று மாடு நாலைந்து மாதம் சினைமாட்டு மரியாதையில் நிற்கும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி: சிக்கலான மாட்டைக் குரும்பாப்பேட்டையில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓட்டிப் போகலாம்.

ஆகவே ஊசி போடும் அன்று கேட்டு எழுத வேண்டியவை: தேதி, பருவம் கண்ட நேரம், ஊசி போட்ட நேரம், விந்து நிலையக் குறியீடு, காளை எண், எத்தனையாவது ஊசி. காலிக் குச்சியை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. கையெழுத்துப் பிழை வராது. ஈன்றதும் தேதி, கன்று கிடேரியா காளையா, ஈற்றில் சிரமம் உண்டா, மடிநோய் வந்ததா. கன்றுக்கு வில்லை போட வரும்போது தாயின் 12 இலக்கத்தையும் காளை எண்ணையும் சேர்த்து ஏற்றச் சொல்லிக் கண்ணெதிரே திரையில் பார்த்துவிடுங்கள். ஏறவில்லையென்றால் அந்தக் கிடேரி பின்னால் எவ்வளவு கறந்தாலும் எந்தக் காளையின் கணக்கிலும் சேராது.